அஞ்சலகத் தொடர் வைப்பு: டெல்டாவின் இளம் சம்பளக்காரருக்கு எவ்வளவு பொருந்துகிறது?

கும்பகோணத்து ஜவுளிக் கடையிலோ, தஞ்சாவூரின் தனியார் பள்ளியிலோ, மன்னார்குடியின் மருந்துக் கடையிலோ முதல் வேலைக்குச் சேரும் ஒருவருக்கு, சம்பளம் 12,000 ரூபாயாக இருந்தாலும் 18,000 ரூபாயாக இருந்தாலும், அதில் ஒரு பகுதியை எங்கே கட்டி வைப்பது என்ற கேள்வி முதல் மாதத்திலேயே வந்துவிடுகிறது. அம்மா தெருவில் நடக்கும் ஏலச்சீட்டைச் சொல்வார். உடன் வேலை பார்க்கும் அக்கா நகைச்சீட்டைச் சொல்வார். கைப்பேசியைத் திறந்தால் பரஸ்பர நிதியில் மாதந்தோறும் போடச் சொல்லும் விளம்பரம் வரும். இவற்றுக்கு நடுவே அதிகம் பேசப்படாமல் இருப்பது அஞ்சலகத்தின் ஐந்தாண்டுத் தொடர் வைப்பு, அதாவது நம் பக்கத்தில் எல்லோரும் ‘போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி.’ என்று சொல்லும் கணக்கு. வேலைக்குப் போன புதிதில் தொடங்கி முதிர்வு வரை அதைக் கட்டியவன் என்ற முறையிலும், பின்னர் உறவிலுள்ள தம்பி தங்கைகளுக்குத் தொடங்கிக் கொடுத்தவன் என்ற முறையிலும், அதன் நிறைகுறைகளை எழுதுகிறேன். முதல் சேமிப்புக் கணக்காக இதை நான் துணிந்து பரிந்துரைப்பேன். ஆனால் பெரும்பாலானவர்கள் தொடங்கும் முறையில் தொடங்கினால், இதன் நன்மையில் பாதியை இழந்துவிட நேரும்.

அடிப்படை விவரங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதத் தவணை குறைந்தது 100 ரூபாய். அதற்கு மேல் பத்தின் மடங்குகளாக எவ்வளவு வேண்டுமானாலும் கட்டலாம், உச்சவரம்பு இல்லை. காலம் ஐந்தாண்டு, அதாவது 60 தவணைகள். வட்டி காலாண்டுக்கு ஒரு முறை கூட்டு வட்டியாகச் சேர்கிறது. வட்டி விகிதத்தை நிதியமைச்சகம் காலாண்டுதோறும் அறிவிக்கிறது. 2023 அக்டோபர் 1 முதல் 6.7 விழுக்காடு என்று அறிவிக்கப்பட்டது. கணக்குத் தொடங்கும் நாளில் எந்த விகிதம் உள்ளதோ அதுவே ஐந்தாண்டுக்கும் நிலைத்திருக்கும் என்பதால், பிறகு விகிதம் குறைந்தாலும் பழைய கணக்குக்குக் குறையாது. 6.7 விழுக்காட்டில் மாதம் 1,000 ரூபாய் கட்டினால், 60,000 ரூபாய் முதலுக்கு ஐந்தாண்டு முடிவில் ஏறத்தாழ 71,366 ரூபாய் கிடைக்கும். மாதம் 2,000 கட்டுபவருக்கு ஏறத்தாழ 1,42,700 ரூபாய். பதினெட்டு வயது நிரம்பியவர் தனியாகத் தொடங்கலாம். மூன்று பேர் வரை கூட்டாகவும் தொடங்கலாம். பத்து வயதைத் தாண்டிய சிறுவர் தம் பெயரிலேயே வைத்துக்கொள்ளவும் விதி இடம் தருகிறது.

இந்த எண்களைப் பார்த்து, ஐந்தாண்டுக்குப் பதினோராயிரம் ரூபாய் வட்டி ஒரு பெரிய வருமானமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். விலைவாசி ஏற்றத்தை இந்த வட்டி பெரிதாக வென்றுவிடாது. ஆயினும் முதல் இரண்டு மூன்று ஆண்டுச் சம்பளத்தில் வட்டி விகிதத்தை விட, பணம் கையை விட்டு முறையாகப் போகிறதா என்பதே பெரிய காரியம். மாதம் 15,000 ரூபாய் வாங்குபவர் 2,000 ரூபாயை ஒதுக்கும் பழக்கத்தை நிலைநாட்டிவிட்டால், 6.7 விழுக்காட்டுக்கும் 9 விழுக்காட்டுக்கும் இடையிலான வேறுபாடு அந்தச் சிறு தொகையில் ஆண்டுக்குச் சில நூறு ரூபாய்களில் அடங்கிவிடும். ஒதுக்கவே இல்லையென்றால் ஆண்டுக்கு 24,000 ரூபாய் தவறிப் போகிறது. தொடர் வைப்பின் மதிப்பு, மாதந்தோறும் கட்டியாக வேண்டும் என்ற கட்டாயத்திலும், தவறினால் வரும் மென்மையான தண்டனையிலும் இருக்கிறது. ஒரு மாதம் கட்டத் தவறினால் 100 ரூபாய்க்கு 1 ரூபாய் அபராதம். 500 ரூபாய்க் கணக்குக்கு 5 ரூபாய். கட்டத் தவறிய மாதங்கள் நான்கை எட்டினால் கணக்கு நின்றுபோனதாகக் கருதப்படும். அதன் பிறகு இரண்டு மாதத்துக்குள் நிலுவையைக் கட்டிப் புதுப்பிக்காவிட்டால் மேற்கொண்டு பணம் கட்ட முடியாது. மனிதருக்கு வரும் சிறு தடுமாற்றங்களைப் பொறுத்துக்கொள்ளும், ஆனால் முற்றிலும் மறந்துபோக விடாத ஏற்பாடு இது.

தவணை கட்டும் நாளைப் பற்றி ஒரு நுட்பமான விதி உண்டு, அதைத் தொடங்கும் நாளிலேயே யோசிக்க வேண்டும். மாதத்தின் 15ஆம் தேதிக்குள் கணக்குத் தொடங்கினால் ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். 16ஆம் தேதியோ அதற்குப் பின்னோ தொடங்கினால் மாதத்தின் கடைசி வேலை நாள் வரை அவகாசம் உண்டு. ஐந்தாம் தேதியோ பத்தாம் தேதியோ ஒழுங்காகச் சம்பளம் வருபவர்கள் முதல் பாதியிலேயே தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. அவகாசம் நீண்டால் பணமும் கரையும். நம் ஊர்க் கடைகள் சிலவற்றில் நடப்பது போலச் சம்பளம் இருபதாம் தேதியைத் தாண்டி இழுபடுமானால், 16க்குப் பின் தொடங்குவதே நல்லது.

இப்போது நான் முதலில் குறிப்பிட்ட தவறான முறைக்கு வருகிறேன். பெரும்பாலானோர் தாங்கள் சேமிக்கக்கூடிய முழுத் தொகைக்கும் ஒரே கணக்கைத் தொடங்குகிறார்கள். மாதம் 2,000 முடியும் என்றால் 2,000 ரூபாய்க்கு ஒரு கணக்கு. பதினெட்டு மாதம் கழித்துத் தங்கைக்குத் திருமணம் வருகிறது, அல்லது அப்பாவை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருக்கிறது, அல்லது வேலையே போய்விடுகிறது. கணக்கு தொடங்கி மூன்றாண்டு முடியும் வரை அதை முன்கூட்டியே முடிக்க முடியாது. மூன்றாண்டுக்குப் பின் முடிக்கலாம். ஆனால் முதிர்வுக்கு ஒரே ஒரு நாள் முன்னதாக முடித்தாலும் தொடர் வைப்பின் வட்டி கிடைக்காது, அஞ்சலகச் சேமிப்புக் கணக்குக்குரிய 4 விழுக்காடு மட்டுமே கிடைக்கும். இந்தத் திட்டத்தின் மிகக் கடுமையான பகுதி இதுதான் என்று நான் கருதுகிறேன். நான்கரை ஆண்டு தவறாமல் கட்டிய ஒருவருக்கும் மூன்றாண்டு கட்டியவருக்கும் ஒரே விகிதம் என்பது நேர்மையான சேமிப்பாளரைச் சரியாக மதிக்கும் விதியாக எனக்குத் தோன்றவில்லை.

இதற்கு விதிக்குள்ளேயே ஒரு தீர்வும் இருக்கிறது: ஒருவர் எத்தனை கணக்கு வேண்டுமானாலும் தொடங்கலாம். ஆகவே 2,000 ரூபாய்க்கு ஒரே கணக்கு தொடங்குவதற்குப் பதிலாக, 500 ரூபாய் வீதம் நான்கு கணக்குகள் தொடங்க வேண்டும். முதிர்வில் கிடைக்கும் தொகை அதேதான், ஏறத்தாழ 35,683 ரூபாய் வீதம் நான்கு. ஆனால் நான்காம் ஆண்டில் அவசரம் வந்தால் ஒரு கணக்கை மட்டும் முடித்துக்கொண்டு மற்ற மூன்றையும் முழு வட்டியோடு காப்பாற்றலாம். மூன்றாண்டு முடிவில் 500 ரூபாய்க் கணக்கொன்றை முடித்தால், 18,000 ரூபாய் முதலுக்கு 1,100 ரூபாயை ஒட்டி வட்டி வரும், 6.7 விழுக்காட்டில் அது 1,975 ரூபாயாக இருந்திருக்கும். இழப்பு ஒரு கணக்கோடு நின்றுவிடுகிறது. சம்பளம் குறைந்த காலத்தில் ஒரு கணக்கை மட்டும் தற்காலிகமாகத் தவறவிட்டு மற்றவற்றைக் கட்டவும் முடிகிறது. நான்கு கணக்குப் புத்தகங்களைப் பராமரிக்க வேண்டும், முகப்பில் நிற்கும் நேரமும் சற்றுக் கூடும் என்பது மட்டுமே இதிலுள்ள தொல்லை. நான்கையும் ஒரே நாளில் தொடங்காமல் ஆறு மாத இடைவெளியில் ஒவ்வொன்றாகத் தொடங்கினால் இன்னொரு நன்மை உண்டு: முதிர்வுகளும் ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

மூன்றாண்டுக்கு முன் அவசரம் வருபவர்களுக்குக் கடன் வழி இருக்கிறது. ஓராண்டு முடிந்து பன்னிரண்டு தவணை கட்டியிருந்தால், கணக்கிலுள்ள தொகையில் பாதி வரை கடனாகப் பெறலாம். வட்டி, அந்தக் கணக்கின் வட்டியை விட 2 விழுக்காடு கூடுதல், அதாவது 6.7 விழுக்காட்டுக் கணக்குக்கு 8.7 விழுக்காடு. அடகுக் கடைக்கோ, கைமாற்றுக்கோ, வாரத் தவணைக் கடன் தருபவர்களிடமோ போவதற்கு முன் இந்த வழியை எண்ணிப் பார்க்க வேண்டும். இளைஞர்களில் பலர் இந்த வசதி இருப்பதையே அறியாமல், கணக்கில் பணம் இருக்கும்போதே கந்து வட்டிக்கு வாங்குகிறார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

டெல்டாவுக்கு மிகவும் பொருந்துவதாக நான் நினைப்பது முன்பணத் தள்ளுபடி, அதாவது பல தவணைகளை முன்கூட்டியே சேர்த்துக் கட்டுபவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி. மாதச் சம்பளம் என்பது இங்கே எல்லோருக்கும் உரிய ஏற்பாடன்று. பாபநாசம், வலங்கைமான், நீடாமங்கலம், திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் பட்டதாரி இளைஞர்கள் பலர் வீட்டு நிலத்தையே பார்த்துக்கொள்கிறார்கள். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12ஆம் தேதி திறக்கப்பட்டு, குறுவை புரட்டாசி வாக்கில் கைக்கு வந்து, சம்பாவும் தாளடியும் தை மாசியில் அறுவடையாகும்போதுதான் அவர்கள் கையில் மொத்தமாகப் பணம் புரள்கிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கான தொகை வங்கிக் கணக்குக்கு வந்த சில வாரங்களில் உரக்கடை பாக்கி, ஆள் கூலி, நகை மீட்பு என்று அது கரைந்துவிடுகிறது. இப்படிப்பட்டவரிடம் மாதம் 500 ரூபாய் கட்டு என்று சொல்வதில் பொருளில்லை. சித்திரையிலும் ஆடியிலும் அவரிடம் 500 ரூபாய் இராது.

ஆனால் தொடர் வைப்பில் தவணைகளை முன்கூட்டியே கட்டலாம். ஆறு தவணைகளைச் சேர்த்துக் கட்டினால் 100 ரூபாய்த் தவணைக்கு 10 ரூபாயும், பன்னிரண்டு தவணைகளைச் சேர்த்துக் கட்டினால் 40 ரூபாயும் தள்ளுபடி. 500 ரூபாய்க் கணக்குக்கு ஓராண்டுத் தொகை 6,000 ரூபாய். தை மாதத்தில் மொத்தமாகக் கட்டினால் 200 ரூபாய் குறைந்து 5,800 ரூபாய் கட்டினால் போதும். இந்த 200 ரூபாய் எவ்வளவு நல்ல தொகை என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தேன். அதே 6,000 ரூபாயைச் சேமிப்புக் கணக்கில் வைத்துக்கொண்டு மாதம் 500 வீதம் எடுத்துக் கட்டி வந்தால், அந்த ஆண்டில் 4 விழுக்காட்டில் கிடைக்கும் வட்டி ஏறத்தாழ 110 ரூபாய்தான். ஆக முன்பணத் தள்ளுபடி ஆண்டுக்கு 7 விழுக்காட்டுக்கும் சற்று மேற்பட்ட வட்டிக்குச் சமம். வட்டியைக் காட்டிலும் மேலான நன்மை, ஓராண்டுச் சேமிப்பு அறுவடைப் பணம் கரைவதற்குள் ஒரே நாளில் முடிந்துவிடுவது. ஒரு எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: முன்பணம் கட்டிய காலம் முடியும் வரை கணக்கை முன்கூட்டியே முடிக்க முடியாது. எனவே மூன்றாண்டைத் தாண்டிய கணக்கில், அவசரம் வரக்கூடும் என்று தெரிந்தால், முழு ஆண்டுக்கும் கட்டாமல் ஆறு மாதத்துக்குக் கட்டுவது நலம்.

கல்லூரியில் படிப்பவர்களைப் பற்றியும் ஒரு சொல். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் சென்ற மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 செப்டம்பரிலிருந்தும், மாணவருக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 ஆகஸ்டிலிருந்தும் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வருகிறது. புதுமைப் பெண் திட்டம், மயிலாடுதுறையை அடுத்த மூவலூரின் பெயரைத் தன் பெயரோடு சுமந்த இராமாமிர்தம் அம்மையார் நினைவில் அமைந்தது என்பதில் நம் பகுதிக்குத் தனிப் பெருமை உண்டு. அந்த ஆயிரத்தில் 200 அல்லது 300 ரூபாயைத் தொடர் வைப்பில் கட்டும் மாணவி, மூன்றாண்டுப் பட்டப்படிப்பு முடியும்போது கணக்கை நிறுத்தாமல் வேலைக்குப் போன பின்னும் தொடர்ந்தால், இருபத்திரண்டு இருபத்து மூன்று வயதில் முதிர்வுத் தொகை கையில் இருக்கும். அதே போல, சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. திருவிடைமருதூரிலிருந்தோ சுவாமிமலையிலிருந்தோ கும்பகோணத்துக்கு அன்றாடம் வேலைக்கு வரும் பெண்கள் அப்படி மிச்சமாகும் தொகையை வேறு செலவில் கலந்துவிடாமல் ஒரு சிறு கணக்காகத் தனியே பிரித்து வைக்கலாம்.

சேவையைப் பொறுத்தவரை மூன்று வழிகள் உள்ளன. முகப்பில் நேரில் கட்டலாம். 15ஆம் தேதியை ஒட்டியும் மாதக் கடைசியிலும் கூட்டம் மிகும் என்பதால் அந்த நாட்களைத் தவிர்ப்பது நல்லது. கிராமங்களில் கிளை அஞ்சலகத்திலும் கட்டலாம், அது நாளில் சில மணி நேரமே திறந்திருக்கும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். இரண்டாவது வழி, 2018இல் நாடெங்கும் தொடங்கப்பட்ட இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கியின் செயலி. அதில் கணக்கு வைத்துக்கொண்டால் தவணையைக் கைப்பேசியிலேயே செலுத்திவிடலாம். திருப்பூரிலோ சென்னையிலோ வேலை பார்த்துக்கொண்டு ஊர்க் கணக்கைத் தொடர்பவர்களுக்கு இதுவே வசதி. வெளியூரிலேயே நிலைத்துவிட்டால் கணக்கை அங்குள்ள அஞ்சலகத்துக்கு மாற்றிக்கொள்ளவும் முடியும்.

மூன்றாவது வழி மகளிர் முகவர்கள். வீடு தேடி வந்து தவணை வாங்கிச் சென்று அஞ்சலகத்தில் கட்டும் இந்தப் பெண்களுக்கு அரசே 4 விழுக்காடு தரகு தருகிறது; நாம் ஒன்றும் கூடுதலாகத் தர வேண்டியதில்லை. “என்ன தம்பி, பதினஞ்சு நெருங்குது, இன்னும் கட்டலியே” என்று வாசலில் நின்று கேட்கும் ஒரு முகவர் அக்கா, எந்தச் செயலியின் நினைவூட்டலை விடவும் வலுவானவர். பணம் கட்டும் பழக்கமே இல்லாதவர்களுக்கு முதல் ஆண்டில் முகவர் வழியாகவே தொடங்கச் சொல்வேன். ஆனால் கணக்குப் புத்தகத்தை அவரிடமே விட்டுவைக்கக் கூடாது. பணம் கொடுக்கும்போது முகவரின் அட்டையில் கையொப்பம் பெற வேண்டும். கணக்குப் புத்தகத்தில் அஞ்சலகப் பதிவு ஏறியிருக்கிறதா என்று இரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது பார்க்க வேண்டும். இது அவநம்பிக்கை ஆகாது. நேர்மையான முகவருக்கும் இதுவே பாதுகாப்பு.

மற்ற வழிகளோடு ஒப்பிட்டால் என் கருத்து இதுதான். நகைச்சீட்டு பதினொரு மாதத்தில் முடிவதும் செய்கூலி, சேதாரத்தில் சலுகை கிடைப்பதும் நன்மைகள். ஆனால் இறுதியில் அந்தக் கடையில் நகை வாங்கியே தீர வேண்டும், அவசரத்துக்குப் பணமாகத் திரும்பாது. எனவே அது சேமிப்பைக் காட்டிலும் நகைச் செலவை முன்கூட்டித் திட்டமிடும் வழி. ஏலச்சீட்டு, 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றதாக இருந்தால், மொத்தத் தொகை முன்னதாகத் தேவைப்படுபவருக்குப் பயன்படும். பதிவில்லாத சீட்டில், நடத்துபவர் எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும், சம்பளத்தை வைக்க வேண்டாம். இரண்டாண்டுக்குள் பணம் தேவைப்படும் என்று உறுதியாகத் தெரிந்தவர்களுக்கு வங்கித் தொடர் வைப்பே ஏற்றது; அங்கே ஓராண்டு, இரண்டாண்டு என்று காலத்தை நாமே தேர்ந்துகொள்ளலாம், வங்கி வைப்புக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடும் உண்டு. கும்பகோணத்தில் 1904இல் தோன்றிய சிட்டி யூனியன் வங்கி முதல் பொதுத்துறை வங்கிகள் வரை நம் பகுதியில் கிளைகளுக்குக் குறைவில்லை. அஞ்சலக வைப்புக்கு மத்திய அரசே பொறுப்பு என்பதால் அங்கே அந்தக் காப்பீட்டு வரம்பைப் பற்றிய கவலை எழுவதில்லை. பரஸ்பர நிதியில் மாதந்தோறும் போடுவது பத்தாண்டைக் கருதுபவருக்கு நல்லது. கையில் மூன்று மாதச் செலவுக்கான பணமே இல்லாதவர் அங்கே தொடங்கினால், சந்தை இறங்கியிருக்கும் நேரத்தில் விற்கும் நிலை வரக்கூடும்.

எல்லோருக்கும் இது பொருந்தாது. ஏற்கெனவே 18, 24 விழுக்காட்டுக்குக் கடன் வைத்திருப்பவர், மாதம் 500 ரூபாய் இருந்தால் முதலில் கடனைக் கட்ட வேண்டும், 6.7 விழுக்காட்டுக்குச் சேமித்துக்கொண்டே 24 விழுக்காட்டுக்கு வட்டி கட்டுவது நட்டம். கைப்பேசியும் இருசக்கர வாகனமும் தவணையில் ஓடிக்கொண்டிருப்பவர், அவை முடியும் மாதத்தில் அதே தொகைக்குத் தொடர் வைப்பைத் தொடங்கலாம். கட்டிப் பழகிய கை அப்போது தயங்காது.

அஞ்சல் துறைக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. முன்பணத் தள்ளுபடியையும் பாதித் தொகைக் கடனையும் பற்றிய விவரங்களை டெல்டாவின் கிளை அஞ்சலகங்கள்தோறும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். தை மாசியில் நெல் கொள்முதல் நடக்கும் வாரங்களில் கொள்முதல் நிலையங்களுக்கே ஓர் அஞ்சல் ஊழியர் விண்ணப்பப் படிவங்களோடு சென்று அமர வேண்டும். ஆதாரும் வருமான வரி நிரந்தரக் கணக்கு எண் அட்டையும் புகைப்படமும் கையில் இருந்தால், நெல்லுக்குப் பணம் வந்த அதே வாரத்தில் அந்த இளைஞர் ஓராண்டுச் சேமிப்பைக் கட்டி முடித்துவிட முடியும்.